அரை மாத்திரை

பதுளைப் பட்டணத்திலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையோரத்தில் நமது சிறு வீடு இருக்கிறது. வாசலில் நின்றால் நமுனுகுலை மலையின் முகடு தெரியும். அதற்கு இப்பால், சரிவெங்கும் தேயிலையும், தேயிலைக்கு நடுவே லயங்களின் தகரக் கூரைகளும் தெரியும். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நமக்கு, ஓய்வுக்குப் பின் ஒரு புதிய வகுப்பு வாய்த்தது. அதன் மாணாக்கர்கள் கடல் கடந்து வருபவர்கள்.

மேல்நாட்டு வைத்தியக் கலாசாலைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. படிப்பு முடியும் தறுவாயில் மாணாக்கர் தாம் விரும்பிய நாட்டிற்குச் சென்று, நாலு வாரமோ ஆறு வாரமோ அங்குள்ள வைத்தியர்களுடன் இருந்து பயிலலாம். அப்படி இம்மலைநாட்டிற்கு வரும் பிள்ளைகளிற் சிலர் நமது வீட்டில் தங்குவர். மாலைப் பொழுதில் விறாந்தையில் அமர்த்தி அவர்களுக்குத் தமிழும், தோட்டத்து வழக்கங்களும் சொல்லிக்கொடுப்பது நமது வேலை. அவர்கள் தோட்டங்களுக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளராக உடன் செல்வதும் நமது வேலையே.

உடம்பைக் காக்கும் ஆயத்தங்களை அவர்கள் ஊரிலேயே முடித்துக்கொண்டு வருகின்றனர். ஈரல் அழற்சிக்கான தடுப்பூசியை மூன்று முறை ஏற்றிக்கொள்ள ஆறு மாதம் செல்லுமாதலால், பயணத்துக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறார்கள். நோயாளிக்கு ஏற்றிய ஊசி தவறித் தம் விரலில் தைத்துவிட்டால், எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் உட்கொள்ளத் தொடங்கவேண்டும் என்பதும், எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று என்பதும் அவர்களுக்குப் பாடம். மலேரியாவை எண்ணி அஞ்சி வருபவர்களும் உண்டு. அந்நோய் இலங்கையில் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிற் சான்றளித்ததைச் சொல்லி, இங்கே அஞ்சவேண்டியவை பகலிற் கடிக்கும் டெங்கு நுளம்பும், சேற்றுநீரால் வரும் எலிக்காய்ச்சலும், தெருநாயின் பல்லுமே என்று நாம் எடுத்துரைப்போம்.

ஆனால், தடுப்பூசியால் தடுக்க முடியாத தவறுகள் வேறு உண்டு. நமது முதல் நாட் பாடம் சொற்களைப் பற்றியது. “மருமகள் முழுகாமல் இருக்கிறாள்” என்று ஒரு தாய் சொன்னால், அது குளிப்பைப் பற்றிய பேச்சன்று. அவள் கருவுற்றிருக்கிறாள் என்பது பொருள். “வீட்டுக்குத் தூரம்” என்றால் வழிப்பயணம் அன்று, மாதவிலக்கு. “மேலுக்குச் சொகமில்லை” என்பதில் காய்ச்சலும் அடங்கும், களைப்பும் அடங்கும், மனக்கவலையும் அடங்கும். இவற்றை அகராதி கொண்டு அறிந்துவிட முடியாது.

இரண்டாம் நாட் பாடம் நடத்தையைப் பற்றியது. லயத்துக் காம்பராவுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுக. கொடுக்கும் சாயத் தண்ணீரை மறுக்காதே. பெண்களைப் பரிசோதிக்கும்போது பெண்ணொருத்தி உடனிருக்கட்டும். குழந்தைகளைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பாதே.

மூன்றாம் நாட் பாடம் எல்லையைப் பற்றியது. உன் நாட்டில் நீ செய்ய அனுமதியில்லாத எதையும் இங்கே செய்யாதே என்பதே அதன் சாரம். இது நமது சொந்தக் கண்டுபிடிப்பன்று. இவ்வகைப் பயிற்சிகளுக்கென அறிஞர் குழுவொன்று 2010ஆம் ஆண்டில் ஒழுக்க நெறிகளை வகுத்து வெளியிட்டது. அனுப்பும் கலாசாலை, ஏற்கும் வைத்தியசாலை, மாணாக்கர் ஆகிய எல்லோருக்கும் கடமையுண்டு என்பது அந்நெறிகளின் கருத்து. ஏழையின் உடம்பு எவருக்கும் பயிற்சிப் பலகை ஆகாது அல்லவா?

இவ்வாறு பிறரை ஆயத்தம் செய்வதிற் பெருமிதம் கொண்டிருந்த நம்மை, ஒரு மாணவி தலைகுனிய வைத்தாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்த மருத்துவ முகாமிற்கு அவளுடன் சென்றிருந்தோம். மேற்பார்வை வைத்தியர் அடுத்த அறையில் இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தித் தழும்பேறிய நெற்றியுடன், வந்து அமர்ந்தார். இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றுக்கு மேலே நின்றது. மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்று மாணவி கேட்டாள். நாம் தமிழில் கேட்டோம்.

அம்மையார் மறுமொழியாக நெடுநேரம் பேசினார். “குடிக்கிறேன் மாஸ்டர். ஆனா, மாத்திரையை ஒடைச்சுப் பாதிதான் குடிக்கிறது. மாசா மாசம் கிளினிக்குப் போனா அன்னைக்குப் பேர் இல்லை. பஸ்ஸுக்கும் காசு. பாதி பாதியாக் குடிச்சா ஒரு மாச மருந்து ரெண்டு மாசத்துக்கு வரும். தொரைசாணிகிட்ட இதைச் சொல்லிறாதீங்க, ஏசப் போறாங்க.”

நாம் மாணவியின் பக்கம் திரும்பி, “ஆம், உட்கொள்கிறாராம்” என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம்? அம்மையார் வேண்டிக்கொண்டார் என்பது பாதி உண்மையே. மறுபாதி, நமது வெட்கம். நம்மைப் பெற்றவளும் அதே கயிற்றுத் தழும்பைச் சுமந்தவள். ஒரு நாட் சம்பளத்துக்காக நம்மவர் மருந்தைப் பிட்டு விழுங்குகிறார்கள் என்பதை அயல்நாட்டுப் பெண்ணொருத்தியின் முன் நமது வாயால் சொல்ல மனம் ஒப்பவில்லை.

மாணவி குறிப்பேட்டில் எழுதினாள்: மருந்து முழுமையாக உட்கொள்ளப்படுகிறது, அழுத்தம் குறையவில்லை, மற்றுமொரு மருந்து சேர்க்கவேண்டுமா என வைத்தியரிடம் கேட்கவேண்டும். எழுதியவள் எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். பின், மிகப் பணிவாக நம்மைப் பார்த்து, “ஐயா, அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். நீங்கள் இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். நடுவில் இருந்தவை என்ன?” என்று கேட்டாள்.

நமக்கு வியர்த்தது. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவர் நாம். அன்று அந்த அம்மையாரின் மெய்யையும் அரை மாத்திரையாக்கிவிட்டோம். முதலில் அவரிடம் திரும்பி, “அம்மா, இதை மறைத்தால் உங்களுக்குத்தான் கெடுதல், சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டோம். அவர் தலையசைத்தபின், நடந்ததை முழுவதும் மாணவியிடம் ஒப்புவித்தோம்.

அவள் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை, அம்மையாரையும் ஏசவில்லை. வைத்தியரிடம் சென்று உள்ளபடி உரைத்தாள். அவர் புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை. பழைய மருந்தையே முழுதாகக் கொடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாற் போதும் என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார். நோய்க்கு மருந்து முன்னரே இருந்தது. இல்லாதிருந்தது சொல் ஒன்றே.

அன்றிரவு நாம் நெடுநேரம் சிந்தித்தோம். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யச் சட்டம் பிறந்தது 1872ஆம் ஆண்டில், கோப்பிக் காலத்தில். நூற்றைம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆயினும், 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடளாவிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர்; தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய முப்பத்திரண்டு பேர். இவ்வுண்மைகளை வெட்கத்தால் மூடினால் அவை மறைந்துவிடுமா?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் புரிந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன் நினைவுக்கு வந்தார். 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர், தமிழைக் கற்றார். மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழிலேயே மாணாக்கருக்கு வைத்தியம் கற்பித்தார். ஆறு வாரத்துக்கு வரும் பிள்ளைகளிடம் அவ்வளவை நாம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே, அவர்களுக்கு நாவாக நிற்பவர் நேர்மையாக நிற்கவேண்டும்.

அதன்பின் நமது வகுப்பில் நான்காம் நாட் பாடம் ஒன்று சேர்ந்தது. அது நமக்கே உரியது. நோயாளி ஒரு வாக்கியம் சொன்னால் அந்த வாக்கியத்தை மட்டும், கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வோம். “இவர் இன்னும் படிக்கின்ற பிள்ளை; உங்களுக்கு விருப்பமில்லையேல் வேண்டாமென்று சொல்லலாம்” என்று நோயாளியிடம் முதலிலேயே தெரிவிப்போம். மாணாக்கரிடமோ, “நோயாளியின் பேச்சு நீண்டு, எமது பேச்சுக் குறுகினால், கூச்சமின்றி எம்மைக் கேளுங்கள்” என்போம்.

வேண்டாம் என்று சொல்லலாம் என அறிந்ததும் முதன்முதலாக ஒரு பெண் “வேணாம் மாஸ்டர்” என்று சொல்லி எழுந்து சென்றாள். துரை முன் பேசியறியாத வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு நமக்கு வருத்தம் தோன்றவில்லை, மகிழ்ச்சியே தோன்றியது.

அந்த அம்மையாரைப் பசறைச் சந்தையில் பின்னொரு நாள் கண்டோம். “மாத்திரையை இப்போது உடைக்கிறீர்களா அம்மா?” என்று கேட்டோம். “இல்ல மாஸ்டர், முழுசாத்தான்” என்று சிரித்தவர், “அந்தத் தொரைசாணிப் புள்ள நல்லா இருக்கா?” என்று விசாரித்தார். அவள் தன் நாட்டில் இப்பொழுது வைத்தியராகிவிட்டாள் என்று கடிதம் வந்திருப்பதைச் சொன்னோம். இம்முறை கடிதத்தில் இருந்த அனைத்தையும், ஒரு வரியும் விடாமல் சொன்னோம்.