மறந்துவிடக்கூடிய தானம்

தானங்களில் எத்தனையோ வகை உண்டு. அன்னதானம், வஸ்திரதானம், பூதானம் என்று நம் பெரியவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். பின்னால் ரத்த தானமும் கண் தானமும் வந்து சேர்ந்தன. கண்ணைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் ஒரு பொதுவான லட்சணம் இருக்கிறது: கொடுத்தவனுக்குக் கொடுத்தோம் என்ற ஞாபகம் மிஞ்சும். கல்லில் பெயர் பொறித்துக்கொள்ளாவிட்டாலும், திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது செய்யலாம். அந்தச் சந்தோஷமும் நிச்சயமில்லாத தானம் ஒன்று இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே, கொடுத்ததை அடியோடு மறந்துவிட நேரலாம்.

முதுமையில் வரும் மறதி நம் வீடுகளுக்குப் புதிதல்ல. என் அத்தை கடைசி ஐந்து வருஷம் கும்பகோணத்து வீட்டில் அப்படித்தான் வாழ்ந்தாள். மாமா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, "இன்னும் ஆபீஸிலிருந்து வரக் காணோமே" என்பாள். என்னை என் அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நானும், "என்ன அக்கா?" என்று தம்பியாகவே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். "வயசாச்சு, புத்தி தடுமாறுகிறது" என்றார்கள் வீட்டில். 1906-ஆம் வருஷத்திலேயே அலாய்ஸ் ஆல்ஸைமர் என்ற ஜெர்மானிய டாக்டர் அந்த மாதிரித் தடுமாற்றத்துக்கு மூளையில் அடையாளம் கண்டு சொல்லிவிட்டார் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

மகள் வீட்டோடு பெங்களூரில் குடியேறிய பிறகு ஒரு டாக்டர் நண்பர் கிடைத்தார். ஞாபகமறதியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் சேர முடியுமா என்று ஒருநாள் கேட்டார். "எனக்கு ஞாபகசக்தி நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு. "அதனால்தான் கேட்கிறேன்" என்றார். இந்த வியாதி, முதல் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்பே மூளையில் வேலையைத் தொடங்கிவிடுகிறதாம். பெயர்கள் மறக்க ஆரம்பித்த பிறகு வருகிறவர்களிடம் கதையின் கடைசி அத்தியாயத்தைத்தான் படிக்க முடியும். முதல் அத்தியாயம் வேண்டுமானால், நன்றாக இருப்பவர்கள் வர வேண்டும். வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கவும் வேண்டும்.

அப்படி வந்தவர்களில் என் மனத்தைக் கவர்ந்தவர்கள் அமெரிக்காவின் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள். 1986-ல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளர் மின்னஸோட்டாவில் அந்தக் காரியத்தைத் தொடங்கினார். மடத்துச் சகோதரிகளை அவர் நாடியதற்குக் காரணம் உண்டு. ஒரே மாதிரியான சாப்பாடு, ஒரே மாதிரியான வாசம். புகையிலை இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. பழைய தஸ்தாவேஜுகளும் பத்திரமாக இருந்தன. வருஷந்தோறும் ஞாபகப் பரீட்சை எழுத வேண்டும், இறந்த பிறகு மூளையைக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். எழுபத்தைந்து வயதைக் கடந்த 678 சகோதரிகள் சம்மதித்தார்கள்.

அந்த மடங்களின் பீரோக்களில் ஒரு புதையல் கிடைத்தது. விரதம் ஏற்பதற்கு முன், ஏறக்குறைய இருபத்திரண்டு வயதில், சகோதரிகளில் பலர் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாக்கியத்துக்குள் பல எண்ணங்களை அடக்கி எழுதியவர்களுக்கு, அறுபது வருஷத்துக்குப் பிறகு இந்த வியாதி குறைவாகவே வந்திருந்தது. எழுத்தாளர்கள் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்க வேண்டாம். நல்ல எழுத்து மூளையைக் காத்ததா, அல்லது மெலிந்த எழுத்தே வியாதியின் முதல் நிழலா என்பது அதிலிருந்து தெரியவில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. மேரி என்ற சகோதரி நூற்றொரு வயது வாழ்ந்து, கடைசி வரை பரீட்சைகளில் நல்ல மார்க் வாங்கினார். இறந்தபின் பார்த்தால் அவர் மூளையில் வியாதியின் அடையாளங்கள் ஏராளம்! மூளையில் வியாதி இருந்தும் மனிதர் நிலைத்து நிற்க முடியும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர் அவர். அதைச் சொல்ல அவர் இறக்க வேண்டியிருந்தது.

கொடுத்ததையே மறந்தவர் ஒருவர் உண்மையாகவே இருந்தார். அமெரிக்காவில் ஹென்றி மொலேஸன் என்பவருக்கு 1953-ல், இருபத்தேழாவது வயதில், காக்காய் வலிப்புக்காக மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக எதுவும் ஞாபகத்தில் தங்கவில்லை. ப்ரெண்டா மில்னர் என்ற அம்மையார் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். கைக்கு ஒரு ஞாபகம், மனத்துக்கு வேறொரு ஞாபகம் என்று உலகம் கற்றுக்கொண்டது. 2008-ல் இறக்கும் வரை, ஐம்பத்தைந்து வருஷம், அவர் பரீட்சைக்கு உட்கார்ந்தார். தம்மால் பிறருக்கு உபகாரம் ஆனால் நல்லதுதான் என்பாராம். சொன்னது சிறிது நேரத்தில் மறந்துவிடும். மறுபடி கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வார்.

"இதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த மறதி வியாதி இருப்பதாக 2023-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. நம் மூளையை அறிய நம்மவர்கள்தான் உட்கார வேண்டும். வெளிநாட்டுக் கேள்வித்தாள் நமக்கு ஒத்துவராது. 1990-களில் ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் ஆராய்ச்சி செய்தவர்கள், எழுத்தறியாத கிழவர்களுக்காகக் கேள்விகளையே ஹிந்தியில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. பென்சிலே பிடித்தறியாத ஒருவரிடம் வாக்கியம் எழுதச் சொல்லிவிட்டு, மூளை கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா?

என்னைத் தமிழிலேயே பரீட்சித்தார்கள். என் பேத்தி வயதுள்ள ஒரு பெண் ஐந்து வார்த்தைகள் சொன்னாள்: மாம்பழம், கோயில், சட்டை, ஆறு, மணி. பிறகு கடிகாரம் வரையச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்களைச் சொல்ல முடியும் என்று எண்ணினாள். கடைசியில், "அந்த ஐந்து வார்த்தைகளையும் சொல்லுங்கள், தாத்தா" என்றாள். நான்கு உடனே வந்தன. ஐந்தாவது வரவில்லை. பத்து விநாடிதான் இருக்கும். அந்தப் பத்து விநாடியில், வாசற்படியில் நின்ற என் அத்தையின் முகம் எனக்கு விளங்கியது. பிறகு 'ஆறு' வந்துவிட்டது. காவேரிக் கரையில் பிறந்தவனுக்கு! அந்தப் பெண் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. குறித்துக்கொண்டாள்.

"இதனால் எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று டாக்டரைக் கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கொலம்பியாவின் மலைப் பிரதேசத்தில் சில குடும்பங்களுக்கு நாற்பதுகளிலேயே இந்த மறதி பரம்பரையாக வருகிறது. அவர்களில் 252 பேர் ஒரு மருந்தின் சோதனைக்கு வருஷக்கணக்கில் உடன்பட்டார்கள். 2022-ல், மருந்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று தெரிந்தது. வீண்தானே என்றேன். "அந்த வழியில் இனி வேறு யாரும் நடந்து கால் நோக வேண்டாமே" என்றார் டாக்டர்.

மூளையைக் கொடுக்கும் விஷயம்தான் வீட்டில் சிக்கலாயிற்று. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் ஒரு மூளை வங்கி இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னதும் என் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "முழு உடம்பாக அனுப்ப வேண்டாமா?" என்று கேட்டாள். முகம் கெடாது, தகனத்துக்குத் தடையில்லை, சில மணி நேர வேலைதான் என்று விளக்கினேன். அவள் கவலை அது மட்டுமல்ல. "நாளைக்கு உங்களுக்கே அத்தை மாதிரி ஆகி, 'நான் எப்போது சம்மதித்தேன்?' என்று கேட்டால் நான் என்ன சொல்வது?" என்றாள்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. புத்தி தெளிவாக இருக்கும் மனிதன், தெளிவில்லாமல் போகக்கூடிய மனிதனுக்காகக் கையெழுத்துப் போடுகிறான். இருவரும் ஒருவனேதானா என்று யார் சொல்வது? இடையில் சாட்சியாக நிற்க வேறொருவர் வேண்டும்.

"நான் சம்மதித்தேன் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்" என்றேன்.

"நானும் மறந்துபோனால்?"

அவள் கேட்டது வேடிக்கைக்கல்ல. இருவரும் சேர்ந்து, சமையலறையில் இருந்த மகளைக் கூப்பிட்டோம்.