மூச்சை எண்ணிய மூவர்

"பத்தாம் வகுப்பு! சினிமா பார்க்கும் ஆண்டா இது?" என்பது எங்கள் இல்லங்களில் காலையும் மாலையும் தவறாமல் ஒலிக்கும் வேதவாக்கு. அதை மீறும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை. ஆயினும் இவ்வாண்டு எங்கள் பள்ளி அரங்கிலேயே, சகோதரிகளின் அனுமதியோடு, ஒரு திரைப்படம் பார்க்கும் பேறு எங்களுக்குக் கிட்டியது. அதைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

2025 ஆகஸ்டு மாதத்தில் ஜேம்ஸ் லோவெல் என்னும் அமெரிக்க விண்வெளி வீரர் தமது 97ஆம் வயதில் காலமானார். காலை வழிபாட்டில் அந்தச் செய்தியை வாசித்த அறிவியல் சிஸ்டர், "இவர் யார் தெரியுமா?" என்று கேட்டார்கள். அரங்கம் அமைதி காத்தது. "சரி, அடுத்த சனிக்கிழமை தெரிந்துகொள்வீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படித்தான் 1995ஆம் ஆண்டில் ரான் ஹோவர்டு இயக்கிய 'அப்பல்லோ 13' எங்களுக்குக் காட்டப்பட்டது.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் நால்வர் முந்திக்கொண்டு, சனிக்கிழமைக்கு முன்பே கைபேசியில் அந்தப் படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டோம். நடுவில் அம்மா கூப்பிட்டார்கள், பால்காரர் வந்தார், அத்தையின் அழைப்பு வந்தது. சலிப்புத் தட்டிய இடங்களை விரலால் தள்ளித் தாண்டினோம். "ஒன்றுமில்லை, மூன்று பேர் உட்கார்ந்து சுவிட்சு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்" என்று வகுப்பில் வந்து தீர்ப்பும் சொன்னோம். அந்தத் தீர்ப்புக்காக இன்று வெட்கப்படுகிறோம்.

சனிக்கிழமை பிற்பகல். மேடையில் பெரிய வெள்ளைத் துணி. வெளிச்சம் வராதபடி சன்னல்கள் எல்லாம் அடைக்கப்பட்டன. ஆலயப் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கிய ஒலிபெருக்கி. மின்விசிறிகளின் கடகடப்பில் வசனம் கேட்கவில்லை என்று அவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நூற்று முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஆம்பூர் வெயிலைப் பற்றி இம்மலரின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை!

கதை யாவரும் அறிந்த வரலாறுதான். 1970 ஏப்ரல் 11ஆம் நாள் லோவெல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹெய்ஸ் ஆகிய மூவரும் சந்திரனை நோக்கிப் புறப்பட்டார்கள். ஏப்ரல் 13ஆம் நாள், பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. அதன்பின் சந்திரனில் இறங்கும் பேச்சே இல்லை. உயிரோடு திரும்புவதே கேள்வி. சந்திரனில் இறங்குவதற்கென்று இணைக்கப்பட்டிருந்த 'அக்வேரியஸ்' என்ற சிறு கலத்துக்குள் மூவரும் தஞ்சம் புகுந்தனர். அது இரண்டு பேரை ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கச் செய்யப்பட்டது. அதில் மூவர் நான்கு நாள் உயிர் வாழ வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்க ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்தார்கள். குளிர் 3 டிகிரி அளவுக்கு இறங்கியது. குடிக்கும் நீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தம்ளர்கூட இல்லை.

ஆனால் அவர்களை முதலில் கொல்ல வந்தது குளிரோ தாகமோ அன்று. அவர்களே வெளியே விட்ட மூச்சு! நாம் விடும் கரியமில வாயு சன்னல் வழியே போய்விடுகிறது. விண்கலத்துக்குச் சன்னல் திறப்பது யார்? அதை உறிஞ்சிக்கொள்ள லித்தியம் ஹைட்ராக்சைடு நிரப்பிய பெட்டிகள் உண்டு. சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால்போல் வெளுக்கும் சோதனையை நாங்கள் கீழ் வகுப்பிலேயே செய்திருக்கிறோம். "லித்தியம் ஹைட்ராக்சைடும் உங்கள் சுண்ணாம்புக்கு உறவுதான்" என்றார்கள் சிஸ்டர். அக்வேரியஸில் இருந்த பெட்டிகள் மூவருக்குப் போதவில்லை. தாய்க்கலத்தில் வேண்டிய அளவு இருந்தன. ஆனால் அவை சதுரம். இங்கே பொருத்தும் துளையோ வட்டம்!

கைபேசியில் நாங்கள் தள்ளிவிட்டுத் தாண்டிய இடம் இதுதான். அரங்கில் தள்ள முடியவில்லை. தரையில் இருந்த பொறியாளர்கள், வீரர்களிடம் என்னென்ன பொருள் இருக்குமோ அவற்றையெல்லாம் மேசையில் கொட்டுகிறார்கள். பிளாஸ்டிக் பை, அட்டை, உடையின் குழாய், ஒட்டும் பட்டை. அதைக் கொண்டே சதுரத்தை வட்டத்துக்குள் பொருத்த வேண்டும். மேலே அளவுமானியின் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது. எங்கள் அரங்கிலோ காற்று இல்லை, வியர்வை வழிகிறது, பின்வரிசையில் ஒருத்திக்குத் தலைவலி. யாரும் அசையவில்லை. பெட்டி பொருந்தி எண் இறங்கத் தொடங்கியபோது நூற்று முப்பது பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்ட ஓசையைக் கேட்டோம். அதுவரை அடக்கிக்கொண்டிருந்தது எங்களுக்கே தெரியாது. மதர் அவர்கள்கூட முன்வரிசையில் செபமாலையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்களாம். அந்த நாளில் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆயிரக்கணக்கானோருடன் சேர்ந்து இம்மூவருக்காக மன்றாடியதைப் பின்னர் எங்களுக்குச் சொன்னதும் அவர்களே.

'இதில் என்ன அதிசயம்? எந்தப் படத்திலும் கதாநாயகன் தப்பிப்பானே' என்று கேட்கலாம். நாங்களும் விவாதித்தோம். 2018இல் ஜெயம் ரவி நடித்த 'டிக் டிக் டிக்' என்ற தமிழ் விண்வெளிப் படத்தை எங்களில் பலர் தொலைக்காட்சியில் ரசித்திருக்கிறோம். தமிழகத்தை நோக்கி ஒரு விண்கல் வருகிறது, வீரர்கள் புறப்படுகிறார்கள், பாட்டும் சிரிப்பும் உண்டு. அதைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. ஆனால் அதில் யாரும் எதையும் எண்ணுவதில்லை. காற்று எவ்வளவு, நீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்ற கணக்கே இல்லாதபோது நமக்கு அச்சம் எப்படி வரும்? அப்பல்லோவில் முடிவு என்னவென்று தெரிந்தே உட்கார்ந்தோம், அப்படியும் அஞ்சினோம். கணக்கு மெய்யாக இருந்ததுதான் காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மெய்யாகக் காட்ட அவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. எடையற்ற நிலையைக் கயிறு கட்டி நடிக்காமல், நாசாவின் விமானம் ஒன்றில் ஏறி, அது மேலே பாய்ந்து கீழே சரியும் இருபத்தைந்து நொடி நேரத்துக்குள் படம் பிடித்தார்களாம். அப்படி அறுநூறு முறைக்கு மேல்! எங்களுக்கு மாதனூர் மேம்பாலத்தில் பேருந்து குலுங்கினாலே வயிற்றைப் புரட்டுகிறது.

மெய் என்றால் எல்லாம் மெய் என்று பொருளன்று. கலத்துக்குள் ஸ்விகர்ட்டும் ஹெய்ஸும் சண்டையிடும் காட்சி கற்பனை. உண்மையில் அப்படி நடக்கவில்லை. இதைக் கேட்டு எங்களுக்குச் சற்று வருத்தமே. 2013இல் அல்போன்சோ குவரோன் எடுத்த 'கிராவிட்டி' படத்தையும் சிஸ்டர் ஒரு பகுதி காட்டினார்கள். விண்வெளி நிலையமே நொறுங்கிச் சிதறுகிறது, வெடிச்சத்தம் ஒன்றுகூட இல்லை! காற்றில்லாத இடத்தில் ஒலி ஏது? சாண்ட்ரா புல்லக்கின் மூச்சிரைப்பு மட்டும் கேட்கிறது. அந்த மௌனம் எந்த வெடியோசையைவிடவும் எங்களை நடுங்க வைத்தது. ஆனால் அதே படத்தில் ஹபிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அடுத்த தெருவுக்குப் போவதுபோல் மிதந்து போகிறார்கள். இரண்டும் வெவ்வேறு உயரம், வெவ்வேறு சாய்வான பாதை. அது நடவாத காரியம். எட்டாவது பாடவேளையில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவளுக்குச் சிஸ்டர் ஒரு பேனா பரிசளித்தார்கள்.

மௌனத்தை நடுக்கூடத்துத் தொலைக்காட்சியில் பார்க்க முடியுமா? குக்கர் விசில் அடிக்கும், தம்பி கத்துவான், ஷூ கம்பெனிப் பேருந்து வாசலில் ஒலி எழுப்பும். இருட்டும், பெருந்திரையும், நிறுத்த முடியாமையும் வேண்டும். அதற்கென்று கட்டப்பட்ட இடம் திரையரங்கம் ஒன்றுதான். அன்புப் பெற்றோரே! பெண் பிள்ளைகள் திரையரங்குக்குப் போவது எங்கள் ஊரில் எளிதன்று என்பதை அறிவோம். அண்ணன் துணை வேண்டும், அண்ணனுக்கோ வேறு படம் வேண்டும். ஆயினும் இத்தகைய படம் ஒன்று வேலூருக்கோ ஆம்பூருக்கோ வந்தால், ஆசிரியையர் துணையோடு எங்களை ஒருமுறை அனுப்பிவைக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம். 2025இல் நம் நாட்டுச் சுபான்சு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்துவிட்டார். நாளை எங்களில் ஒருத்தி போகமாட்டாளா?

இதுவரை எழுதியதோடு கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் அன்று அரங்கில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது சரியன்று. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பின்னரே இதை எழுதுகிறோம்.

அளவுமானியின் எண் ஏறத் தொடங்கியபோது, எங்கள் தோழி ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். வெப்பம் தாங்காமல் போகிறாள் என்றே நினைத்தோம். படம் முடிந்து வந்து பார்த்தால் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்துத்தான் பேசினாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுடைய சின்ன மாமா டேனரி ஒன்றின் கழிவுத் தொட்டியில் இறங்கினார். உள்ளேயே மயங்கி விழுந்தார். தூக்கப் போன இன்னொருவரும் திரும்பவில்லை. மேலே நின்று கயிறு பிடித்தவர் இவளுடைய அப்பா. இத்தனை நாளும் எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் இதை அவள் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"அவங்க மூணு பேருக்கும் காத்து எவ்ளோ இருக்குதுன்னு பாக்கறதுக்கு கீழ அத்தனை பேர் உக்காந்திருந்தாங்க. எங்க மாமா எறங்கறப்ப ஒருத்தர்கூட பாக்கல" என்றாள்.

எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை.

திங்கட்கிழமை சிஸ்டர் பாடத்தை மூடிவைத்துவிட்டு அந்த வாயுவைப் பற்றியே பேசினார்கள். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு, வேறு கட்டத்தில் வரும் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழுகிறது. சிறிதளவு என்றால் அழுகிய முட்டை நாற்றம். எங்கள் ஊரார் அனைவருக்கும் பழகிய நாற்றம். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாமலே போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் திரும்புவதில்லை. இறங்கும் முன் காற்றை அளக்கும் கருவி கையடக்கமாகவே இருக்கிறதாம். பாதுகாப்புக் கருவிகள் இன்றிக் கழிவுத் தொட்டியில் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறதாம். இத்தனையும் இருந்தும் என்று சொல்லி நிறுத்திவிட்டு, கரும்பலகையில் அப்பல்லோவின் தொட்டி வெடித்த காரணத்தை எழுதினார்கள். 28 வோல்ட்டுக்கெனச் செய்த சிறு சுவிட்சுக்கு ஏவுதளத்தில் 65 வோல்ட் கொடுத்தார்கள், உள்ளே கம்பியின் உறை கருகியது, யாரும் கவனிக்கவில்லை.

டிசம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்ததும், விரும்பிய பெற்றோருக்கு அந்தக் காட்சியை மட்டும் சிஸ்டர் மீண்டும் திரையிட்டார்கள். அது எங்கள் தோழி கேட்டுக்கொண்டது. அவளுடைய அப்பா கடைசி வரிசையில், வேலைக்குப் போகும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மொழி புரியாத இடங்களை அவள் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள். பொருட்களை மேசையில் கொட்டும் இடம் வந்ததும் எழுந்து நின்றார். பிறகு நடுவழியாக மெல்ல நடந்து வந்து, திரைக்கு மிக அருகில், பக்கவாட்டில் நின்றுகொண்டு முழுவதையும் பார்த்தார். வெளிச்சம் வந்ததும் சிஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் காத்தை அளக்கறதுன்னு பொண்ணு சொல்லிச்சே, அது என்ன வெலைங்கம்மா?"

சிஸ்டர் விசாரித்துச் சொல்வதாகக் கூறி, அவருடைய கைபேசி எண்ணைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.