மாலை நாலு மணிக்குப் பிறகு

ஏழைக் குடும்பங்களுக்காக அறிவிக்கப்படும் எந்தத் திட்டத்தையும் இப்போது ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். அந்த வீட்டின் ஒரு நாளில் எந்த நேரத்தை இது தாங்கிப் பிடிக்கிறது? ஒதுக்கீடு எத்தனை கோடி, பயனாளிகள் எத்தனை லட்சம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

*

கண்ணகி நகர். சென்னையில் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000-லிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய இடம். துரைப்பாக்கத்து ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. இன்னும் தெற்கே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகள். வீடு மாறியது, பிழைப்பு மாறவில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலை பார்த்த பெண்களில் பலர் இன்றைக்கும் அங்கேதான் போய் வருகிறார்கள். பிள்ளை கண் விழிப்பதற்குள் கிளம்பினால்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள்.

அங்கே ஒரு அம்மா சொன்னது: “கரையோரத்துல இருந்தப்ப பக்கத்து வூட்டு ஆயா பசங்களப் பாத்துக்கும். இங்க குலுக்கல்ல வூடு குடுத்தாங்க. எதிர் வூட்ல யாருன்னே தெரியாதுக்கா.”

பழைய இடத்தில் தண்ணீர் வசதி இல்லை, மழை வந்தால் வீட்டுக்குள் சாக்கடை. அந்த வாழ்க்கையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆயாவுக்கு மாற்றாக எதையும் யாரும் கொடுக்கவில்லை. மறுகுடியமர்வு என்றால் சுவரும் கூரையும் மட்டும் என்று நினைத்தவர்கள் செய்த பெரிய பிழை இது.

*

காலை நேரத்துக்கு விடை கிடைத்துவிட்டது என்றே சொல்வேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார்.

சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-லேயே உணவு கொடுத்தவர்கள் நாம். காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக்கினார். நூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் மதியப் பசியைத்தான் பார்த்தோம். காலையில் அடுப்பு பற்றவைக்காத வீடுகள் இத்தனை இருக்கின்றன என்பது அரசின் கண்ணில் பட இவ்வளவு காலம் ஆயிற்று.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சமைப்பவரைத் தேர்ந்தெடுக்கும் முறை. கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களே சமைக்கிறார்கள். அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும், அவருடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதிமுறையே வைத்தார்கள். தன் பிள்ளை தட்டிலும் விழப்போகிற பொங்கலை எந்தத் தாயும் அசிரத்தையாகக் கிண்டமாட்டாள். மேற்பார்வை அதிகாரி ஒருவர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை இந்த ஒரு விதி செய்துவிடுகிறது.

*

பெண்களுக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து, 2021 மே. இதைக் குடும்ப நலத் திட்டமாகவும் எழுத வேண்டும். தூரத்தில் குடியமர்த்தப்பட்ட பெண்ணுக்கு இது சம்பள உயர்வு.

*

மாலைதான் இன்னும் ஓட்டையாக இருக்கிறது.

நாலு மணிக்குப் பள்ளி விடுகிறது. அம்மா வர ஏழு, எட்டு ஆகும். அந்த மூன்று, நான்கு மணி நேரம் பிள்ளை யாரோடு இருக்கிறது? பத்து வயதுப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பதிமூன்று வயதுப் பையனை அந்த நேரத்தில் யார் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பொறுத்து அவன் பாதை அமைகிறது. போலீஸ் வழக்கு, போதை, பள்ளியிலிருந்து நிற்பது, இளவயதுக் கல்யாணம் என்று பின்னால் நாம் தனித்தனியாகப் பேசும் பல சங்கடங்களுக்கு இந்த நேரத்தில்தான் விதை விழுகிறது என்று நம்புகிறேன்.

*

இந்த இடைவெளியைத் தொட்ட ஒரு திட்டம் உண்டு: இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ, ஒன்றரை மணி நேரம். தன்னார்வலருக்கு அதிகபட்சம் இருபது பிள்ளைகள். சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு, பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தவர்கள். பிள்ளைகள் அவர்களை “டீச்சர்” என்று கூப்பிடவில்லை, “அக்கா” என்றார்கள்.

பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இதில் கூடுதலாகச் சேர்ந்தார்கள் என்பதும் தெரிந்தது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீடு எது என்று எந்த அதிகாரியும் பட்டியல் எடுக்கவில்லை. மையம் தெருவிலேயே இருந்ததால் அவர்கள் தாமாக வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தத் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். தொற்றுக்காலம் தணிந்ததும் மையங்களைக் குறைத்துவிட்டார்கள். கொரோனா இழப்பு ஈடுசெய்யப்பட்டிருக்கலாம். நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே உள்ள இடைவெளி கொரோனாவோடு வந்ததல்ல, அதோடு போகவும் இல்லை.

*

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். ஊரே கொண்டாடியது. எனக்கு அன்று முழுக்க அவருடைய மாலை நேரங்கள்தான் நினைவில் ஓடின. பள்ளி விட்டதும் போக ஓர் ஆடுகளம், காத்திருக்கும் பயிற்சியாளர், கூட ஆடத் தோழிகள். அவருடைய திறமைக்கு ஈடு இல்லை, ஆனால் அந்த மூன்றும் எந்தப் பிளாக்கிலும் அமைத்துத் தரக்கூடியவை.

*

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்: அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்து மேற்படிப்புக்குப் போகிற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டங்கள். ஆனால் பள்ளிப் படிப்பைத் தாண்டியவரிடம்தான் வருகின்றன. ஏழாம் வகுப்பில் வழுக்கிய பையன் இந்தப் பணத்தைப் பார்க்கப்போவதில்லை.

*

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாத் தெருவுக்கும் எட்டும் தூரத்தில் ஒன்று. மாலை ஆவதற்குள் பூட்டிவிடுகிறார்கள். கட்டடம் இருக்கிறது, பாயும் பாத்திரமும் இருக்கின்றன, பிள்ளைகளைப் பேர் சொல்லி அழைக்கும் ஆள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார். நகரத்தின் மறுகுடியமர்வுப் பகுதிகளிலாவது அவற்றை இரவு எட்டு வரை திறந்து வைக்கலாம். காலையிலிருந்து உழைத்த பணியாளர் தலையில் இதையும் கட்டக்கூடாது. இரண்டாம் வேளைக்குத் தனி ஆள் போட வேண்டும், அதே குடியிருப்பிலிருந்து. ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் இதை நடத்த நினைப்பது அநியாயம். முறையான சம்பளம் கொடுங்கள். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் முதலில் தொடங்குங்கள்.