போதிக்க வந்த பிள்ளைகள்

கணிதம் கற்பிப்பவன், விடை சரியா பிழையா என்று பார்க்கும் வழியையும் சேர்த்தே கற்பிக்கிறான். வரலாறு கற்பிப்பவன், குறைந்தபட்சம் ஒரு கல்வெட்டையோ ஒரு கடிதத்தையோ காட்ட வேண்டியவனாகிறான். நம்பிக்கையைக் கற்பிக்கப் புறப்படுகிறவன் கையில் என்ன இருக்கிறது? முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு படிப்பித்த எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாகவே இருந்து வந்தது. 2023 ஆம் ஆண்டு மாரியில், ஸ்காபரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், அது இரண்டு இளைஞர்களின் உருவில் வந்து கதவைத் தட்டிற்று.

வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, மேலங்கியில் கறுப்புப் பெயர்த் தகடு. தகட்டில் இருவர் பெயருக்கும் முன்னால் "எல்டர்" என்று பொறித்திருந்தது. நம் வழக்கில் மூப்பர் என்று சொல்லலாம். ஒரு மூப்பருக்கு வயது பத்தொன்பது, மற்றவருக்கு இருபது! மீசை கூடச் சரியாக அரும்பாத இம்மூப்பர்கள், மோர்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையின் இளைஞர்கள் பதினெட்டு வயது தொடக்கம் ஈராண்டு காலம், சபை அனுப்பும் ஊருக்குச் சென்று போதிக்கிறார்கள். சம்பளம் இல்லை, தாமும் தம் குடும்பமும் சேமித்த பணத்திலேயே செலவு நடக்கிறது. இருவர் இருவராகவே திரிய வேண்டும். ஒருவரை ஒருவர் பிரியலாகாது. 2019 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை ஆண்டுக்கு இரண்டே தடவைதான் வீட்டாருடன் தொலைபேசியில் பேச அனுமதி இருந்ததாம். இப்போது வாரம் ஒரு முறை பேசலாம் என்று இளையவன் பெருமூச்சோடு சொன்னான். அவன் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பாற்பண்ணையாளரின் மகன்.

எங்கள் சம்பந்தி அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். தேயிலையும் கோப்பியும் மதுவும் புகையிலையும் அவர்களுக்கு விலக்கு. இலங்கையர் வீட்டிலே தேநீரை மறுப்பது சிறிய காரியமா? அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. விலக்கு தேயிலைக்குத்தான், தம் கைக்கு அல்ல என்பது விளங்கியதும் அவர் பிட்டும் சம்பலும் கொண்டுவந்தார். ஐடஹோப் பையன் உண்ட வேகத்தைப் பார்த்தால், காலையிலிருந்து அவன் ஒன்றும் உண்டிருக்கவில்லை என்றே தோன்றியது. "இன்னும் கொஞ்சம் போடட்டே, ராசா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் வந்தபோது "ராசா" என்ற சொல்லை அவன் தன் குறிப்புப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தான். பிட்டுக்கு அடுத்த வரியில்.

அவர்கள் கற்பித்த முறையை ஓர் ஆசிரியனின் கண்ணோடு கவனித்தேன். பாடம் ஒழுங்காக இருந்தது. குறுகிய வாக்கியங்கள், இடையிடையே வினாக்கள், கேட்பவனைப் பேசவிடும் பொறுமை. பயிற்சிக் கலாசாலையில் நாம் வலியுறுத்தியவை யாவும் அதில் இருந்தன. ஆனால் இறுதியில் அவர்கள் கேட்டுக்கொண்டது இதுதான்: நூலை வாசியுங்கள், மெய்யா என்று கடவுளிடம் கேளுங்கள், உள்ளத்திலே ஓர் ஆறுதல் தோன்றினால் அதுவே விடை. தோன்றாவிட்டால்? மறுபடியும் கேளுங்கள். எந்தப் பரீட்சையிலும் இத்தகைய வினாவை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். பிழையான விடை வருவதற்கே அதில் வழியில்லை. இதை அவனிடம் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "எனக்கு அப்படித்தான் தெரியவந்தது, ஐயா" என்றான். அதிலே பாசாங்கு இருக்கவில்லை. சமயம் என்றதும் ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நம் மாணவத் தோழர்கள் இப்பையனை ஒரு மாலைப்பொழுதேனும் கண்டு பேசியிருக்க வேண்டும்.

யார் கதவைத் திறக்கிறார்கள் என்று கேட்டேன். பெரிய வீடுகளில் மணி அடித்தால் உள்ளேயிருந்து கருவி வழியாக ஒரு குரல் வரும், அவ்வளவுதான் என்றான். திறப்பவர்கள் நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள், இரவு வேலை முடிந்து வந்து உறக்கம் வராதவர்கள், அந்நாட்டுக்கு வந்து ஓராண்டும் ஆகாதவர்கள், பிள்ளைகள் தொலைவில் இருக்கும் கிழவர்கள். அவர்களுள் பலருக்கு வேண்டியது போதனை அல்ல. கேட்க ஓர் ஆள். முதுகு வலியையும் வாடகை உயர்வையும் ஊரிலே விட்டு வந்த தாயையும் பற்றி அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பானாம். பாற்பண்ணையில் வளர்ந்த ஒரு பையனுக்கு நகரத்து வறுமையைப் பத்து மாதத்தில் இப்படிக் கற்பித்த பள்ளிக்கூடம் வேறு இருக்க முடியாது. அந்தக் கல்வி அவன் சபைக்கு அனுப்பும் வாராந்த அறிக்கையில் எந்த இடத்தில் பதியப்படும் என்பதுதான் தெரியவில்லை.

ஒரு நாள், தங்கள் சபையின் ஆறாவது தலைவர் பதினைந்து வயதிலேயே ஹவாய்த் தீவுகளுக்குப் போதிக்கச் சென்றவர் என்று அவன் பெருமையாகச் சொன்னான். அந்தத் தகவல் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மாரி முழுவதும் அதைத் தொடர்ந்து வாசித்தேன். நான் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

அச்சிறுவன் ஜோசப் எஃப். ஸ்மித். 1838 இல் மிசூரியில் பிறந்தவன். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அவனுடைய சிற்றப்பன். 1844 இல் கார்த்தேஜ் சிறைச்சாலையில் அச்சிற்றப்பனும் தகப்பனும் ஒருங்கே கும்பலொன்றால் சுட்டுக் கொல்லப்பட்டபோது பிள்ளைக்கு வயது ஐந்து. ஒன்பது வயதில் தாயோடு எருதுவண்டி ஓட்டிச் சமவெளியைக் கடந்து யூட்டா போய்ச் சேர்ந்தான். பதின்மூன்று வயதில் தாயும் இறந்தாள். பள்ளியிலே தங்கையை அடிக்க முற்பட்ட ஆசிரியரோடு மோதியதால் படிப்பும் நின்றது. 1854 இல் சபை அவனைப் போதகனாக்கி அனுப்பிற்று. கப்பற் கூலிக்குக் கலிபோர்னியாவில் கூலிவேலை செய்து, அவ்வாண்டு செப்டெம்பரில் ஹொனலுலுவில் இறங்கினான். நம் நாட்டிலே பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயது.

அவன் இறங்கிய தீவுகளின் கதை யாழ்ப்பாணத்தாருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1816 இல் யாழ்ப்பாணத்துக்குப் பாதிரிமாரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கந்தான் 1820 இல் ஹவாய்க்கும் ஆட்களைச் சேர்ப்பித்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி கண்டவர்கள், 1831 இல் மாவி தீவில் லஹைனாலூனா செமினரியைக் கண்டார்கள். அங்கே பாதிரிமாரின் மக்களுட் சிலர் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆனார்கள். அவ்வளவே பெரிய வேறுபாடு. 1848 ஆம் ஆண்டின் நிலப் பகிர்வில் சாதாரண குடியானவருக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. 1853 இல் பெரியம்மை வந்து பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று.

மோர்மன்களின் முதற் போதகர் பதின்மர் 1850 டிசெம்பரில் வந்தது, உண்மையில் அங்கு வாழ்ந்த வெள்ளையருக்குப் போதிக்கவே. வெள்ளையர் காது கொடுக்கவில்லை. பதின்மரில் பாதிப்பேர் விரைவில் திரும்பிவிட, இருபத்துமூன்று வயதான ஜோர்ஜ் கனன் என்பவர் சுதேச மக்களிடம் போனார். அங்கே அவருக்கு வாய்த்தவர் ஜோனதன் நாபேலா. லஹைனாலூனாவில் படித்தவர், வைலுக்குவில் நீதிபதி. மோர்மன் நூல் ஹவாய் மொழியில் 1855 இல் அச்சானது இவருடைய துணையினால். வரும் போதகர்கள் மொழி தெரியாமல் தத்தளிப்பதைக் கண்டு தம் வீட்டிலேயே அவர்களுக்கு மொழி கற்பிக்க ஒழுங்கு செய்தவரும் இவரே. பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் இருந்ததை நாம் அறிவோம். நாவலர் பின்னர் எதிர்த்து எழுந்தார். நாபேலா உள்ளேயே இருந்தார். 1873 இல் தொழுநோய் கண்ட மனைவி கலவுபாப்பாவுக்கு நாடு கடத்தப்பட்டபோது கூடவே போய், கத்தோலிக்கரான தமியான் பாதிரியாரோடு நட்புப் பூண்டு, தாமும் அந்நோய்க்கு ஆளாகி 1879 இல் இறந்தார். நம்பிக்கையைப் பற்றி யாரேனும் எனக்குப் பாடம் சொல்ல விரும்பினால் இம்மனிதரிலிருந்து தொடங்கட்டும்.

பதினைந்து வயதுப் போதகன் மாவியின் கூலா மலைச்சரிவில் விடப்பட்டான். வந்த சில நாட்களிலேயே காய்ச்சலில் விழுந்தான். மஹுஹீ என்னும் சுதேசப் பெண் அவனைத் தன் குடிசையில் கிடத்தித் தாய்போலப் பராமரித்தாள். மோர்மன் போதகர்கள் பணப்பையின்றித் திரிந்தவர்கள்; மற்றப் பாதிரிமார் கல்வீட்டிலிருந்து போதிக்க, இவர்கள் குடியானவரின் பாயிலே படுத்து அவர்கள் உண்டதையே உண்டார்கள். சேம்பங்கிழங்கை அவித்து இடித்துச் செய்யும் அக்களிக்குப் பொய் என்று பெயர். நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருளை நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம், அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. லனாய் தீவில் தீப்பற்றித் துணிமணிகள் எரிந்துபோன பின்னர், அவனும் துணைவனும் ஒரே உடையை மாறி மாறி உடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

ஏறத்தாழ நூறு நாட்களில் அவன் ஹவாய் மொழியிலே பேசவும் போதிக்கவும் தொடங்கிவிட்டான். இது ஆண்டவன் அருளிய வரம் என்று அவன் நம்பினான். சபையும் அப்படியே எழுதி வைத்தது. மொழி படிப்பித்தவர்களுக்கு இதில் அதிசயம் குறைவு. தாயற்ற ஒரு சிறுவனை நோயில் படுக்க வைத்து, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, உறங்கு மகனே என்று ஒருத்தி இரவும் பகலும் அவள் மொழியிலேயே சொல்லிக்கொண்டிருந்தால், நூறு நாள் போதாதா? அந்த வரத்தின் கணக்கில் மஹுஹீயின் பெயர் சேரவில்லை. பதினாறு வயதில் அவனை மாவியின் சபைகளுக்குப் பொறுப்பாளனாக்கினார்கள். பதினெட்டு வயதில், 1857 இல், ஊர் திரும்பப் புறப்பட்டான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நெஞ்சை நெகிழ்விக்கும் கதையாக இருந்திருக்கும். போதகர்கள் போனபின் கிப்சன் என்னும் சாகசக்காரன் 1861 இல் வந்து, சபைப் பதவிகளைக் காசுக்கு விற்று, விசுவாசிகள் கொடுத்த பொருளைக் கொண்டு லனாயில் நிலம் வாங்கி, தன் பெயரில் எழுதிக்கொண்டான். 1864 இல் அவனை நீக்க வந்த குழுவில் ஸ்மித்தும் இருந்தார். கிப்சன் நீங்கினான், நிலம் அவனோடேயே நின்றது. மறு ஆண்டு சபை ஓவாகு தீவின் லாயியே என்ற இடத்தில் 14,000 டொலருக்குச் சுமார் 6,000 ஏக்கர் வாங்கிக் கரும்பு பயிரிட்டது. நேற்றுவரை சகோதரர் என்று அழைக்கப்பட்டவர்கள் இன்று சகோதரராகவும் கூலியாட்களாகவும் ஆனார்கள். தோட்டத்துரையும் பாதிரியும் ஒரே ஆளாக இருந்தால் முறைப்பாட்டை எவரிடம் கொண்டுபோவது? மலையகத்தை அறிந்த நமக்கு இக்கேள்வியை விளக்க வேண்டியதில்லை. 1874 இல், மக்கள் கைக்காசுக்காகப் பயிரிட்ட காவாச் செடியை மயக்கப் பொருள் என்று துரைப் போதகர் தடுத்தபோது, பலர் லாயியேயை விட்டு வெளியேறினார்கள். அருகிலுள்ள கஹானாப் பள்ளத்தாக்கைக் கூட்டாக வாங்கிக் குடியேறினார்கள். அவர்கள் சபையை விட்டுப் போகவில்லை, துரையை விட்டே போனார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு பகுதியினர் சபையின் அழைப்பை ஏற்று யூட்டாவுக்கே சென்றார்கள். சீயோனில் எல்லோரும் சமம் என்று பதினைந்து வயதுச் சிறுவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்களே! ஹவாயர் இஸ்ரவேலின் வழிவந்தவர் என்று போதிக்கப்பட்டதால், 1978 வரை கறுப்பின மக்களுக்குக் குருத்துவத்தை மூடிவைத்திருந்த கதவு அவர்களுக்கு மூடப்பட்டிருக்கவில்லை. ஆனால் நகரத்து அயலவர் அவர்களை ஒதுக்கினர். ஹவாயன் வெள்ளையன் அல்லன், ஆகவே பிரஜையாக முடியாது என்று 1889 இல் யூட்டாவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் சபை அவர்களைச் சோல்ட் லேக் நகரிலிருந்து ஏறத்தாழ 75 மைல் தொலைவில், மண்டையோட்டுப் பள்ளத்தாக்கு என்று பெயர்கொண்ட வறண்ட நிலத்தில் குடியேற்றியது. கடலும் தென்னையும் கண்ட மக்கள் உறைபனியிலே வாய்க்கால் வெட்டினார்கள். குழந்தைகள் பல இறந்தன. அவ்வூருக்கு அவர்கள் தங்கள் மொழியிலே இட்ட பெயர் இயோசெபா; ஜோசப் என்பதன் ஹவாய் உச்சரிப்பு. தங்களோடு பாயில் படுத்துப் பொய் உண்ட பையனின் பெயர்.

அப்பையன் 1901 இல் சபையின் தலைவரானார். முதுமையில் ஒரு தடவை ஹொனலுலுவில் அவர் இறங்கியபோது நடந்ததை உடன்சென்ற ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழத் தொண்ணூறு வயதான பார்வையற்ற கிழவி ஒருத்தி, கையில் நல்ல வாழைப்பழம் சிலவற்றை ஏந்தி, "இயோசெபா, இயோசெபா" என்று அழைத்துக்கொண்டு கூட்டத்தினூடே வந்தாள். தலைவர் ஓடிப்போய் அவளை அணைத்து, அம்மா அம்மா என்று அழுதார். அக்கண்ணீரை நான் ஐயுறவில்லை. அதே கரங்கள் லாயியேத் தோட்டத்தின் கணக்குகளையும் ஒப்பமிட்ட கரங்கள் என்பதையும் ஐயுறவில்லை. இரண்டையும் ஒருங்கே பார்க்கப் பழகாதவன் சமயங்களின் வரலாற்றை எழுதப் புகுவது வீண்வேலை.

1915 இல் அவர் லாயியேயில் ஆலயத்துக்கு நிலம் அர்ப்பணித்தார். ஆலயம் அங்கே எழும் என்றதும், பாலைவனக் குடியேற்றத்தார் சொந்தத் தீவுக்குத் திரும்பத் தொடங்கினர். 1917 இல் ஊர் வெறுமையாயிற்று. திரும்பியவர்களுட் பலருக்கு எஞ்சியிருந்த வழி லாயியேக் கரும்புத் தோட்டத்து வேலைதான். வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன, வீடுகள் இல்லை. சங்கிலி வேலியால் சூழப்பட்ட ஓர் இடுகாடு மட்டும் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாத இறுதியில், இறந்தோர் நினைவு நாளன்று, தீவு மக்களின் சந்ததியார் அங்கே கூடிக் கல்லறைகளுக்கு மாலை சூட்டுகிறார்கள். ஊரின் பெயர், அந்தக் கிழவி கூப்பிட்ட விதமாகவே, வரைபடங்களில் இன்னும் எழுதப்படுகிறது.