வலிக்காத கால்

வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க உங்க வீட்ல யாராவது இருக்காங்களா? அவங்களுக்கு சுகர் இருக்கா? அப்போ இந்த த்ரெட்டை முழுசா படிச்சிடுங்க. ஒரு டாக்டரா நான் செஞ்ச தப்பையும் சேர்த்தே எழுதுறேன்.

நான் கிறிஸ்தவன் இல்ல. என்கூட அரசு மருத்துவமனைல வேலை பார்க்கிற நர்ஸ் அண்ணன் ஒருத்தர் வருஷா வருஷம் நடப்பார். "ஒரு தடவை வாங்க சார்"னு கூப்பிட்டார். லீவ் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

கடலூர்ல இருந்து சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியா வேளாங்கண்ணி. ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரணும்னு கணக்கு. எல்லாரும் காவி உடை. முன்னாடி மாதா சொரூபம் வச்ச சின்ன சப்பரம், பின்னாடி சமையல் சாமான் ஏத்தின வேன். விடியக்காலையிலயும் சாயங்காலமும் நடை. வெயில் ஏறினா மரத்தடி.

ஜெபமாலை சொல்லிக்கிட்டே நடக்கிறாங்க. ஒருத்தர் பாதி சொல்ல, கூட்டம் மீதியைச் சொல்லும். எனக்கு ஜெபம் தெரியாது. ஆனா ரெண்டாம் நாள் என் காலும் அந்தத் தாளத்துக்கே விழுந்தது.

ராத்திரி தங்குற இடத்துல நான்தான் கால் டாக்டர். செல்போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு "யாருக்கு வலிக்குது?"ன்னு கேட்பேன். வரிசையா கால் நீட்டுவாங்க. கொப்புளம், தொடை இடுக்கு உரசல், தசைப்பிடிப்பு. மருந்து போட்டுட்டுப் படுத்துடுவேன்.

ஒரு அண்ணன் மட்டும் நீட்டவே இல்ல. வயசு ஐம்பதுக்கு மேல. மனைவி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா செருப்பில்லாம நடந்து வரேன்னு நேர்ச்சை. "எனக்கு ஒண்ணும் இல்ல சார், மத்தவங்களைப் பாருங்க"ன்னுட்டார். நானும் ரெண்டு ராத்திரி விட்டுட்டேன்.

மூணாம் ராத்திரி, திருக்கடையூர் தாண்டி ஒரு மண்டபம். அவர் நடந்து வந்த தரையில ஈரமா, பழுப்பா ஒரு தடம். காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கழண்டு போயிருந்தது. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு.

"அண்ணே, வலிக்கலையா?"

"இல்லையே சார். மாதா வலி தெரியாம பார்த்துக்கிறாங்க."

சந்தோஷமா சொன்னார். எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. 12 வருஷமா சுகராம். நானும் அதுவரைக்கும் கேட்கல.

சுகர் ரொம்ப நாள் கட்டுப்பாட்டுல இல்லாம இருந்தா, கால் நரம்பு மெல்ல மெல்ல உணர்ச்சியை இழக்கும். முள் குத்தினாலும், தார் ரோடு சுட்டாலும் தெரியாது. வலி இல்லாததால அதே காலை ஊனி ஊனி நடப்போம். ரத்த ஓட்டமும் குறைவா இருந்தா புண் ஆறாது. கிருமி தொற்றி எலும்பு வரைக்கும் போகும். விரல் எடுக்க வேண்டி வர்ற நிறையப் பேரோட கதை இப்படித்தான் ஆரம்பிக்குது.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "யாருக்கு வலிக்குது?" இல்ல. "யாருக்கு சுகர் இருக்கு?"

இனி நடக்கக் கூடாதுன்னேன். முகம் இருண்டு போச்சு. "நேர்ச்சை சார். பாதியில விட்டா அவளுக்கு ஏதாவது ஆயிடும்." இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எந்தப் பாடப் புத்தகத்துலயும் இல்ல.

பதில் சொன்னது கூட வந்த ஒரு பாட்டி. வேளாங்கண்ணி மரபுக் கதைல, மோர் வித்த கால் ஊனமான பையன்கிட்ட மாதா மோர் வாங்கிக் குடிச்சுட்டு, நாகப்பட்டினத்துக்குச் சேதி சொல்லி அனுப்புவாங்க. அவன் எழுந்து ஓடுவான். "நடக்க முடியாதவனுக்குக் கால் குடுத்தவடா அவ. உன் காலை எடுத்துக்கிட்டு என்ன பண்ணப் போறா? வேன்ல ஏறு. உன் பங்கை நாங்க நடக்கிறோம்."

ரொம்ப நேரம் அழுதார். அப்புறம் தலையாட்டினார்.

காலையில காரைக்கால்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் சுத்தம் பண்ணி, டிடி ஊசி, ஆன்டிபயாடிக். வேன்லயே வேளாங்கண்ணி வந்தார். மணல் பாதையில ஜனங்க முட்டி போட்டு நகர்றதை ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். புண் முழுசா ஆற ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. விரல் எல்லாம் பத்திரம். அவர் சம்மதத்தோடதான் இதை எழுதுறேன்.

சுகர் இருக்கிறவங்க நடைப்பயணம் போறதுக்கு முன்னாடி:

• டாக்டர்கிட்ட பாத உணர்ச்சி, ரத்த ஓட்டம் ரெண்டையும் பார்த்துக்கோங்க. உணர்ச்சி குறைஞ்சிருந்தா வெறுங்கால் வேண்டவே வேண்டாம். எம்.சி.ஆர் செருப்பு போடுங்க. நேர்ச்சையை மாத்திக்க முடியுமான்னு உங்க ஃபாதர்கிட்டயே கேளுங்க.
• தினம் ராத்திரி உள்ளங்கால், விரல் இடுக்கு ரெண்டையும் இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க.
• காலை வெந்நீர்ல வைக்காதீங்க. சூடு தெரியாது, வெந்துடும்.
• மாத்திரை போட்டுட்டு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்க. பையில குளுக்கோஸ் இருக்கட்டும்.
• சின்னப் புண்ணா இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்த வருஷம் அந்த அண்ணன் வேன்ல வந்தார். தங்குற இடத்துல எனக்கு முன்னாடியே டார்ச்சை எடுத்துட்டு உட்கார்ந்துட்டார். "சுகர் இருக்கிறவங்க எல்லாம் முதல்ல காலை நீட்டுங்கப்பா."

நீங்களும் இன்னைக்கு ராத்திரி உங்க அப்பா, அம்மா உள்ளங்காலை ஒரு தடவை பாருங்க. "ஒண்ணும் இல்ல"ன்னுதான் சொல்வாங்க. இருந்தாலும் பாருங்க.