கூறியது கூறல்

நன்னூல் எடுத்துரைக்கும் நூற்குற்றங்கள் பத்தனுள் கூறியது கூறலும் ஒன்று. அதனை அடுத்து நிற்பது மாறுகொளக் கூறல். சொன்னதையே மீளச் சொல்லுதல் சலிப்பைத் தருமேயன்றி வேறு கேடு விளைக்குமோ என்று மாணவர் சிலர் வினவுவர். விளைக்கும் என்பதனை இக்காலத்து வலைப்பக்கங்களைக் கொண்டு ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

வலைப்பக்கத்தில் பொத்தானை அழுத்தப் பட்டியல் விரிதலும், படிவத்தில் பிழை நேரின் அஃது அறிவிக்கப்படுதலும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியால் நிகழ்வன. இவற்றை ஒவ்வொருவரும் புதிதாய் எழுதாவண்ணம், யாவர்க்கும் பொதுவான நிரல்களைத் தொகுத்து வைத்துள்ளனர். அத்தொகுப்பினை நிரல் நூலகம் என்பர். 2006ஆம் ஆண்டில் ஜான் ரெசிக் என்பார் வெளியிட்ட ஜேகுவெரி அவற்றுள் பெருவழக்குற்ற ஒன்று.

பக்கம் ஒன்றைப் பலர் கூடிச் சமைக்கின்றனர். படிவம் செய்வார் ஒருவர். படங்களை அடுக்குவார் மற்றொருவர். பிறர் கொணர்ந்தாரோ என உசாவாது, அவரவரும் நூலகத்தின் படியொன்றைத் தாமே கொணர்வாராயின், வேறு வேறு முகவரியினின்று வந்த படிகள் தனித்தனியே இறக்கப்படும். பொருளும் பொழுதும் வீணாதல் சிறுகேடு. பின்வந்த படி முன்வந்ததன் பெயரைத் தான் கவர்ந்துகொள்ளுதலே பெருங்கேடு. முன்னதனோடு பிணைத்த துணைக்கருவிகள் பின்னதனிடத்து இரா. இரு படிகளும் வேறுவேறு பதிப்பாயின், கூறியது கூறல் மாறுகொளக் கூறலாய் முடியும்.

உத்திரமேரூரை அடுத்த எமது சிற்றூரில் கைப்பேசி அலை மெலிந்தே எட்டும். சென்ற ஆண்டு எம்மூர் மாணவியர் மூவர் கல்வி உதவித்தொகை வேண்டி ஒரு படிவத்தை நிரப்பப் புகுந்தனர். அன்றே இறுதி நாள். பக்கம் திறப்பதற்கே நெடும்பொழுது கழிந்தது. திறந்த பின்னரோ, பிறந்த நாளைக் குறிக்கும் நாட்காட்டி விரியவில்லை. கணினித்துறைத் தோழர் ஒருவர் பின்னர் அப்பக்கத்தின் மூலத்தை எமக்குக் காட்டினார். நாட்காட்டி முதற்படியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அடியில் எவரோ அந்நூலகத்தையே மறுமுறையும் சேர்த்திருந்தனர். மூவருள் ஒருத்தி இன்று கல்லூரியில் இல்லை.

இதனை நீக்கும் வழி அரிதன்று. கொணருமுன், இப்பெயருடையது இங்கு முன்னரே உளதோ என நிரலே வினவுமாறு எழுதலாம். அதனினும் சிறந்தது, கொணரும் பொறுப்பை ஓரிடத்தே ஒப்புவித்தல். வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளில் நூலகம் ஒரு பெயரால் பதியப்படும். வேண்டுவோர் அப்பெயரைச் சொல்லின் போதும், பதின்மர் கேட்பினும் அஃது ஒருமுறையே பக்கத்திற் சேரும். தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் 2011 முதல் இத்தகைய ஏற்பாடு உடையது. 2015ஆம் ஆண்டு நியமத்தில் இடம்பெற்ற மாட்யூல் முறையிலோ, ஒரே முகவரியை எத்துணை முறை வேண்டினும் உலாவி ஒரு பக்கத்தில் அதனை ஒருமுறையே இயக்கும். முகவரி வேறுபடின் வேறு பொருளாகவே கொள்ளும். ஆதலின் முகவரியிலும் ஒற்றுமை வேண்டும்.

முன்னரே உளதோ என வினவுதல் எம்மூரார்க்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள, முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளக்குகின்றன. 30 குடும்புகளினின்றும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டன. அண்மை 3 ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடம் புகுதற்கு உரியதன்று. ஏரியைக் காத்தற்கு ஏரி வாரியம் ஒன்றே. அதனில் 6 பேர் இருந்தனர். தெருவுக்கொரு வாரியம் அமைந்து, ஒன்று திறந்த மதகை மற்றொன்று அடைத்திருப்பின் கழனி என்னாம்?

வலைப்பக்கம் சமைக்கும் தோழர்காள்! உங்கள் பக்கத்தை ஊரார்முன் வைப்பதற்கு முன்னர் அதன் மூலத்தை ஒருமுறை விரித்து, ஒரே நூலகத்தின் பெயர் ஈரிடத்து வந்துளதோ எனத் தேடிப் பார்மின். அதற்கு ஒரு நாழிகையும் வேண்டா.