ஆறேகால் மீட்டர்

அக்காவிடம் ஒரே கேள்விதான். “இந்த ஸ்கூல்ல படிப்பு எப்பதான்டா நடக்குது?”

அவள் மகள் குளுவாங் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சுற்றிலும் செம்பனை. தோட்டத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணத்துக்குப் போய்விட்டன. பள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 150 மாணவர்களுக்குக் கீழே இருந்தால் கல்வியமைச்சு அதைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்தும். இங்கே மொத்தமே ஐம்பது சொச்சம் பேர். மூன்றாம் ஆண்டில் ஏழு பேர்.

2026இல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்கே திரும்பியதிலிருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நிகழ்ச்சிப் பட்டியல் வந்துகொண்டே இருக்கிறது. பொங்கல் விழா, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், பல் மருத்துவக் குழு வருகை, விளையாட்டுப் போட்டி, மே 16 ஆசிரியர் தினம், கன்டின் டே. ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை நிறம், ஒரு தொகை, கொண்டுவர வேண்டிய ஒரு பொருள். பரீட்சைத் தேதி மட்டும் எதிலும் இல்லை. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கு மாற்றும் பாரத்தை அக்கா வாங்கி வைத்துவிட்டாள். “நீதானே இஞ்சினியரு, நீயே சொல்லு” என்று என் முன்னால் போட்டாள்.

அவள் கவலை எனக்குப் புரிந்தது. நாங்கள் படித்த காலத்தில், பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டாருக்கு ஒரே வழிதான் இருந்தது: யூபிஎஸ்ஆர். 1988இல் தொடங்கிய தேர்வு. நான் எழுதிய 2010இல் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஏழு தாள். நாளிதழில் 7ஏ எடுத்தவர்களின் பாஸ்போர்ட் படங்கள் வரிசையாக வரும். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருந்த வீடுகள் உண்டு. 2020இல் கோவிட்டால் தேர்வு நடக்கவில்லை. 2021இல் அமைச்சு அதை எடுத்தேவிட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு. ஆசிரியர் ஆண்டு முழுதும் பிள்ளையைக் கவனித்து, 1 முதல் 6 வரை ஓர் அடைவு நிலை கொடுக்கிறார். நான்காம் ஆண்டிலிருந்து தவணை இறுதித் தேர்வு ஒன்றும் உண்டு. அக்கா மகளின் அறிக்கையில் கணிதத்துக்கு ‘4’ என்று மட்டும் இருந்தது. “நாலுன்னா நாலாவது ரேங்கா? ஏழு பேர்லயா?” என்று அக்கா கேட்டாள். எண் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குப் பிள்ளை என்ன செய்தாள் என்ற விவரம் கூடவே வருவதில்லை.

ஏப்ரலில், விளையாட்டுப் போட்டிக்குத் திடலில் கோடு போட ஆள் வேண்டும் என்று குழுவில் செய்தி வந்தது. நான் ஸ்கூடாய் யூடிஎம்மில் சிவில் படித்தவன். சர்வே கேம்ப்பில் வெயிலில் நின்று பழக்கம் உண்டு. சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு, அளவுநாடாவும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பாக்கள் நாலு பேர் கோத்தோங் ரோயோங்கில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கணித ஆசிரியர்தான் விளையாட்டுக்கும் பொறுப்பு. சின்னப் பள்ளியில் ஒருவருக்கே நாலைந்து பொறுப்பு.

அந்தத் திடலில் 200 மீட்டர் சுற்று வராது. 150தான் கொள்ளும். நான்கு பாதை, ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலம். பாதைக் கோடுகளைப் போட்டுவிட்டு, யார் எங்கிருந்து புறப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டு முளை அடிக்கப் போனேன். ஆசிரியர் நிறுத்தினார். “தம்பி, கொஞ்சம் பொறுங்க. அத பிள்ளைங்க பண்ணட்டும்.”

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் முந்தைய வாரம் வகுப்பில் கேட்டிருக்கிறான்: “சார், வெளிப்பக்கம் ஓடுறவன மட்டும் ஏன் முன்னால நிக்க வைக்கிறீங்க? அது ஏமாத்து வேலைதானே?” ஆசிரியர் பதில் சொல்லாமல், சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு கட்டு நைலான் கயிற்றை அவனிடம் கொடுத்தார். பிள்ளைகள் முதல் பாதையின் கோட்டின்மேல் கயிற்றை வைத்து ஒரு முழுச் சுற்று வந்தார்கள். முடிந்த இடத்தில் கயிற்றில் சிவப்பு டேப் சுற்றினார்கள். அதே கயிற்றை இரண்டாம் பாதையில் வைத்தார்கள். டேப் புறப்பட்ட கோட்டை எட்டவில்லை. ஆறு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. அளந்தார்கள்: 6 மீட்டர் 10. இன்னொரு முறை: 6 மீட்டர் 50. “கயிறு இழுபடுது சார்” என்றாள், நுனியைப் பிடித்திருந்த என் அக்கா மகள். நாடாவை இழுத்துப் பிடிப்பதால் வரும் பிழையைத் திருத்த எங்கள் சர்வே வகுப்பில் ஒரு தனிப் பாடமே உண்டு. அடுத்த முறை இழுக்காமல் வைத்தார்கள்: 6 மீட்டர் 30.

கணக்குப்படி 6.28. பாதை அகலத்தின் இரு மடங்கைப் ‘பை’யால் பெருக்கினால் வருவது. வட்டம் நம் பாடத்திட்டத்தில் படிவம் 2இல்தான் வருகிறது, அதனால் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொடிக்கம்பத்துப் பக்கத்தில் 2 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி 3 மீட்டர் ஆரத்தில் இன்னொன்று போட்டேன். “இதுல எவ்ளோ வித்தியாசம் வரும்?” ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அளந்தால் இங்கேயும் ஆறேகால் மீட்டர். கேள்வி கேட்ட பையன் நம்பவில்லை. தானே மறுபடி அளந்தான். “அப்ப புக்கிட் ஜாலில்ல?” என்றான். அங்கே பாதை 1.22 மீட்டர் அகலம், அதனால் ஏழு, ஏழரை மீட்டர் வரும். 1 மீட்டர் பாதை போட்டால் அந்தப் பெரிய அரங்கத்திலும் இதே ஆறேகால்தான் என்றேன். கொஞ்ச நேரம் திடலைப் பார்த்தான். “அப்ப நம்ம திடல் சின்னதா இருந்தா ஒன்னும் இல்ல.”

திங்கட்கிழமை ஆசிரியர் அந்த மூன்று அளவுகளையும் வெண்பலகையில் எழுதி, ஏன் மாறியது என்று கேட்டிருக்கிறார். சுற்றளவுப் பாடம் அங்கிருந்து தொடங்கியிருக்கிறது.

இந்த ஒரு சனிக்கிழமையை வைத்து எல்லா நிகழ்ச்சிக்கும் வக்காலத்து வாங்க முடியாது. பிரமுகர் வரும்வரை கூடாரத்தில் காத்துக்கிடக்கும் பிள்ளைகள், ஆட்ட ஒத்திகையில் கரைந்துபோன பாடவேளைகள், எல்லா மேடையிலும் அதே மூன்று முகங்கள். இவையும் பள்ளி நிகழ்ச்சிகள்தான். முடிந்ததும் ஆசிரியர் ‘ஓபிஆர்’ எழுத வேண்டும்: ஒரு பக்க அறிக்கை, கூடவே படங்கள். படத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று கட்டைவிரல் காட்டுவார்கள். அதைப் பார்த்து, அவர்கள் கயிற்றைப் பிடித்தார்களா, வெறுமனே கை தட்டினார்களா என்று சொல்ல முடியாது.

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். எத்தனை நிகழ்ச்சி என்று எண்ணாதே. அதில் பிள்ளைக்கு என்ன வேலை, மறுநாள் அது வகுப்புக்கு வந்ததா, இந்த இரண்டையும் கேள். குழுவில் சட்டை நிறத்தோடு இதையும் ஒரு வரி போடச் சொல்லலாம். நாற்பது பேர் வகுப்பில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் கைக்குக் கயிறு வருமா என்றும் யோசி.

அவள் விடவில்லை. “பெரிய ஸ்கூல்ல போட்டி இருக்கும், கூட்டாளிங்க இருப்பாங்க. இங்க ஏழு பேரு. இவ போனா ஆறு. ஸ்கூல காப்பாத்த என் பிள்ளைதான் கிடைச்சாளா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி. பாரம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆண்டு இறுதிவரை நேரம் இருக்கிறது.

ஆனால் கன்டின் டே அறிவிப்பு வந்தபோது அக்கா குழுவில் எழுதினாள்: “கூப்பன் கணக்க பிள்ளைங்களே பார்க்கலாமா டீச்சர்? லாபம் எவ்ளோன்னு அவங்களே போர்டுல எழுதட்டும்.” டீச்சர் சரி என்றுவிட்டார். அன்று ராத்திரி எனக்குப் போன் வந்தது. ஐம்பது வெள்ளிக்குச் சில்லறை மாற்றி வரவேண்டுமாம். “எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்திட்டு வந்துராத. பத்து காசு, இருபது காசு, அம்பது காசு எல்லாம் கலந்து வேணும். பாக்கி குடுக்கத் தெரியுதான்னு பார்க்கணும்.”